இருபத்துமூன்று

லொறி நிறுத்த கூண்டிலிருந்துதான் இப்போது ரிக்கற் கொடுக்கிறேன்.
பெரியவருக்கு நூறு, பிள்ளைக்கு ஐம்பது,
கமராவுக்கு வேறு.
தராசுத் தகடு வாசலிலேயே கிடக்கிறது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள்,
முள் அசையாது.
ஒரு தொன்னுக்குக் குறைந்ததை
அது ஒருநாளும் மதித்ததில்லை.

கூனிமலை என்றது ஊர்.
தம்பலகாமத்து வயலில் நின்று பார்த்தால்
குனிந்து களை பிடுங்கும் ஆளின் முதுகு.
பதினாறு வருசம் அந்த முதுகை
நான் துண்டு துண்டாய் எழுதி அனுப்பினேன்:
லொறி இலக்கம், ஏற்றிய எடை, வெறும் எடை.
கழித்தால் மலை.

இன்றும் அதே நீளக் கொப்பி, அதே கோடுகள்.
நீர்க்காகம் பதினொன்று.
பனங்காடை இரண்டு.
சாம்பல் நாரை ஒன்று, ஒற்றைக் காலில்.
'எடை' என்று அச்சடித்த பத்தியை
வெறுமையாய் விடச் சொல்லியிருக்கிறார்
கந்தோரிலிருந்து வந்த ஐயா.

பம்பை நிறுத்திய மூன்றாம் மாரியில்
கிரஷரின் கால்கள் தண்ணீருக்குள் மறைந்தன.
பிறகு மீன்.
கொக்கின் காலில் முட்டை ஒட்டி வரும் என்கிறார் ஐயா.
இஸ்ஸதீன் நானா இரவில் வாளியோடு வந்ததை
நான் சொல்லவில்லை.

கடைசி நாள் வெடியை வைத்தவரும் அவர்தான்.
வடக்குச் சுவரில் இருபத்துநான்கு துளை.
மூன்று விசில். டிப்பர்கள் எல்லாம் பின்னுக்கு.
நான் கூண்டுக்குள், மேசைக்கு அடியில்,
விரல் மடக்கி எண்ணினேன். அது என் வழக்கம்.
இருபத்துமூன்று.

இரண்டு சேர்ந்து போயிருக்கும் என்றார்.
போயிருக்கும்.
ஆனால் கொப்பியில் கேட்டதைத்தான் எழுதினேன்.
கீழே த. கெங்கேஸ்வரி, திகதி.

பிறகு யாரோ அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்கள்.
ஆமி வந்தது. கருவி வைத்துத் தடவியது.
'இல்லை' என்று எழுதித் தரக் கேட்டார்கள்.
'கண்டுபிடிக்கப்படவில்லை' என்று எழுதித் தந்தது.
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே நடந்துபோனவர்கள்
இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்,
சிலர் ஒரு காலோடு.
ஆகவே கயிறு. ஆகவே மூன்று மொழியில் பலகை.

ஒன்பது வருசமாகக் கயிற்றுக்கு அப்பால் ஆள் போனதில்லை.
எருக்கலை போனது. விளாத்தி போனது.
முயல், அதன் பின்னால் நரி.
நீளவாக்கில் பிளந்த குழல்கள் மாதிரி
துளைகளின் பாதி பாறையில் அப்படியே நிற்கிறது,
ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று குடியிருக்கிறது.
மேல் விளிம்பில் வல்லூறு முட்டை வைத்தது.
அதைப் பார்க்கத்தான் கொழும்பிலிருந்து
கைத்தடி நீளக் கமராக்கள் வருகின்றன.
எவ்வளவு அமைதி என்கிறார்கள்.
எதனால் என்று நான் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்ஸதீன் நானா வருவார்,
மகளின் பிள்ளைகள் மூன்று பேரோடு.
ரிக்கற் வேண்டாம் என்றால் கோபம் வரும்.
கயிற்றடியில் நின்று அந்தச் சுவரையே பார்ப்பார்.
"எண்ட வேலையில பிழ இல்ல பிள்ள,
இருவத்திநாலும் போன" என்பார்,
மூன்று சட்டைகளையும்
பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தபடி.

நானும் ஒன்று சொல்லவேண்டும், அவருக்கு.
அன்றைக்குப் பதினேழாவதுக்கும் பதினெட்டாவதுக்கும் நடுவில்
மேசைக்கடித் தூசியில் எனக்குத் தும்மல் வந்தது.
ஒரே ஒரு தும்மல்.
அதற்குள் ஒரு வெடி போயிருக்கலாம்.
சொன்னால் கயிற்றை அவிழ்ப்பார்கள்,
படி கட்டுவார்கள், ஐஸ்கிறீம் வண்டி வரும்.
சொல்லாவிட்டால்
ஒரு மனிதரின் கைவேலைக்கு என் எழுத்தில் பழி.

இன்று காலை ஐயாவின் தூரக்கண்ணாடியை வாங்கி
கூட்டைப் பார்த்தேன்.
வல்லூறு, குஞ்சு இரண்டு.
மூன்று தரம் எண்ணினேன்,
மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு.